காஷ்மீர் குளிரில் லாரி ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் புகையைப் பாருங்கள்

'சில்லை கலான்' என்று காஷ்மீரிகள் சொல்லும் 40 நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-இல் தொடங்கும். அப்போது அங்கே லோடோடு நிற்கும் நம்மூர் லாரி காலையில் மக்கர் செய்தால், பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடிப்பதுதான் வழக்கம். வேண்டாம். 10 விநாடி மட்டும் அடியுங்கள். கிளீனரை சைலன்சர் பக்கம் நிறுத்துங்கள்.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லையா? டீசல் போய்ச் சேரவில்லை. குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்திருக்கும். இந்தியத் தர விதிப்படி, ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை கோடை டீசலுக்கு 18 டிகிரி வரையிலும், குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி வரையிலும் இருக்கலாம். தெற்கே நிரப்பிய டீசல் ஸ்ரீநகரின் மைனஸ் இரவைத் தாங்காததில் வியப்பில்லை. டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுங்கள், அதுவும் உறையும். ஃபில்டர் மேல் துணி சுற்றி வெந்நீர் ஊற்றுங்கள். அசையாவிட்டால் ஃபில்டரை மாற்றி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் பிரைமரை (டீசல் ஏற்றும் கைப்பம்பு) அடித்து, குழாயில் புகுந்த ஏரை எடுங்கள். டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது தற்கொலைக்குச் சமம். மண்ணெண்ணெய் கலப்பதும் கூடாது: காமன் ரயில் (டீசலை உயர் அழுத்தத்தில் செலுத்தும்) பம்புக்கு டீசலின் வழவழப்பே உயவு, மண்ணெண்ணெயில் அது போதாது.

வெண்புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஏர் ஹீட்டர் (இன்ஜினுக்குள் போகும் காற்றைச் சூடாக்குவது) உள்ள வண்டியில் சாவியை ஆன் செய்து, ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். ஹீட்டர் சூடாகாவிட்டால் ஃபியூஸ், ரிலே இரண்டையும் பாருங்கள். அந்த வண்டிகளில் ஈதர் ஸ்பிரே (எளிதில் தீப்பற்றும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே) அடித்தால், காற்று போகும் மேனிஃபோல்டே வெடிக்கலாம்.

இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் பேட்டரிதான் காரணம். மைனஸ் 18 டிகிரியில் அதன் பலம் ஏறக்குறைய பாதிதான். 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியே, செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும், 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதுதான் குற்றவாளி. எர்த் கேபிள் நுனியையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், பலர் மறப்பது அது. சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்து உப்பியிருந்தால் ஜம்பர் போடவே கூடாது, வெடிக்கும்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் பிளாக் விரிசல் விடும். தண்ணீர் கலக்காத கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி ஊற்றினால் மைனஸ் 37 வரை தாங்கும். பிஎஸ்-6 வண்டியில் ஆட்ப்ளூ (புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசல்) மைனஸ் 11-இல் உறையும், ஆனால் ஸ்டார்ட் ஆகாததற்கு அது காரணமில்லை.

டேங்கில் கால்வாசி மட்டும் மிச்சமிருக்கும்படி வடக்கே போய், குளிர்கால டீசலை அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். லடாக் போகிறவர்களுக்கு, 2019 முதல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 வரை உறையாத தனி டீசலே தருகிறது.