சபைக்கு எந்த வேதாகமம்? வாங்கும் முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்

ஆலயத்துக்குப் புதிதாக வேதாகமங்கள் வாங்கும் பேச்சு வந்ததும் எழுத்து பெரிதா, அட்டை தாங்குமா என்பதில்தான் கமிட்டியின் நேரம் போகிறது. எந்த மொழிபெயர்ப்பு என்ற கேள்வி கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். ஆராதனையில் பெரும்பாலோர் வசனத்தைக் காதால்தான் வாங்கிக்கொள்கிறார்கள். ஆகவே காதில் எப்படி விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் பரவலாகப் புழங்குவது, ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வந்தது. எளிய நடையில் வேறு சிலவும் உண்டு.

பழைய மொழிபெயர்ப்பில் கடினமான சொற்கள் அதிகம் என்பது வழக்கமான குறை. 'ஆக்கினைத்தீர்ப்பு' (தண்டனைத் தீர்ப்பு) போன்ற சொல்லால் பெரிய சேதம் இல்லை. புரியவில்லை என்று கேட்பவருக்கே தெரியும், விசாரித்துக்கொள்வார். புரிந்துவிட்டதாகத் தோன்றும் சொற்கள்தான் ஏமாற்றும். யோவான் 14:15-இல் "என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று வாசிக்கிறோம். அங்கே கற்பனை என்றால் கட்டளை. இன்றைய மாணவனுக்கோ கற்பனை என்றால் மனதில் புனைவது. சங்கீதம் 23-இன் "தாழ்ச்சியடையேன்" என்பதும் அப்படியே. எபிரெயத்தில் உள்ள பொருள் 'எனக்குக் குறைவு இராது' என்பது. 'நான் தாழ்த்தப்படமாட்டேன்' என்று எடுத்துக்கொண்டு பிரசங்கம் செய்தால் சங்கீதம் வேறு பக்கம் போய்விடும்.

புதிய மொழிபெயர்ப்புக்கு மாறினால் வேறொரு சிக்கல் வரும். 1 கொரிந்தியர் 13:13-இல் பழைய மொழிபெயர்ப்பு "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்கிறது. பொது மொழிபெயர்ப்பில் அதே மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் 'நம்பிக்கை' மற்றதில் முதலாவதன் பெயராகிவிடுகிறது. வாசிப்பு ஒன்றிலிருந்தும் பிரசங்கம் இன்னொன்றிலிருந்தும் வந்தால், ஒரே சொல் ஒரே காலையில் இரண்டு பொருளில் காதில் விழும். யாரும் எழுந்து கேட்கப் போவதில்லை.

தமிழுக்கே உரிய ஒரு சோதனை 'நாம்', 'நாங்கள்'. கிரேக்கத்தில் இந்த வேறுபாடு இல்லை. மொழிபெயர்ப்பாளர்தான் முடிவு செய்கிறார். மாற்கு 4:38-இல் புயலில் சீஷர்கள் "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். 'நாம்' என்று போட்டிருந்தால் படகில் படுத்திருக்கும் இயேசுவும் அந்த ஆபத்துக்குள் வந்துவிடுவார். எது சரி என்று வாதிடலாம். ஆனால் ஒரு மொழிபெயர்ப்பு இத்தகைய இடங்களில் யோசித்து முடிவெடுத்திருக்கிறதா என்பது நாலைந்து பகுதிகளை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

வசனம் 'காணாமல் போன' புகாரும் வரும். அப்போஸ்தலர் 8-இல் 37-ஆம் வசனம் பல புதிய மொழிபெயர்ப்புகளில் அடிக்குறிப்பிலோ அடைப்புக்குறியிலோ இருக்கும். மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அது இல்லை என்பதே காரணம். 1 யோவான் 5:7-லும் இதே கதை. மாற்றத்துக்கு முன்பே இதை விளக்கிவிட்டால், 'வேதத்தை வெட்டிவிட்டார்கள்' என்ற பேச்சு பாதி அடங்கும்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு கதை (லூக்கா 15), ஒரு சங்கீதம், நிருபத்திலிருந்து இறுக்கமான ஒரு பத்தி (ரோமர் 3:21-26), தீர்க்கதரிசனப் பகுதி ஒன்று என நான்கு எடுங்கள். ஒவ்வொன்றையும் ஒப்பிடும் இரண்டு மொழிபெயர்ப்புகளிலும் முன்தயாரிப்பு இல்லாத ஒருவர் வாசிக்கட்டும். எங்கே தடுமாறுகிறார், எங்கே தவறான இடத்தில் மூச்சு விடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் மேற்கோள் குறி கிடையாது; பேச்சு முடிந்தது 'என்றார்' வந்த பிறகுதான் தெரியும் என்பதால் தடுமாற்றம் அங்கே கூடும். கேட்பவர்கள் கையில் புத்தகம் இருக்கக் கூடாது. ஒரு பதின்வயதினர், ஒரு முதியவர், அதிகம் படிக்காத ஒருவர் என மூவர் போதும். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். யார் யாரிடம் பேசினார், அடுத்து என்ன நடந்தது, சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். இரண்டாவதாக வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பு எப்போதும் எளிதாகவே படும், அதே பகுதியை ஒருமுறை கேட்டாயிற்றே. ஆகவே இன்னொரு குழுவிடம் வரிசையை மாற்றி வாசியுங்கள்.

கீர்த்தனைகள், ஆராதனை முறை, மனப்பாட வசனங்கள் எல்லாம் பழைய சொற்களிலேயே ஊறியவை. வயதானவர்களுக்கு அந்த வரிகள் ஜெபமாகவே மாறியிருக்கும். பரமண்டல ஜெபத்தில் கைவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முதலில் ஞாயிறு வாசிப்பை மட்டும் மாற்றுங்கள். ஞாயிறுபள்ளி மனப்பாட வசனங்களை நடுவாண்டில் மாற்றாதீர்கள். திரையில் காட்டும் வசனமும் பீடத்தில் வாசிப்பதும் ஒரே மொழிபெயர்ப்பாக இருக்கட்டும். திரையிட அனுமதி உண்டா என்பதைப் புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் பாருங்கள்.

வாங்குமுன் பொருளடக்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். சீர்திருத்த சபையினரின் 66 நூல்கள் உள்ள பதிப்பா, கத்தோலிக்கரின் 73 உள்ளதா என்று உறுதி செய்யுங்கள். பொது மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் விடுதலைப் பயணமாகவும் அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகளாகவும் பெயர் மாறியிருக்கும். முதல் சில மாதங்கள் இரண்டு பெயரையும் பக்க எண்ணையும் சொல்லி, பக்கம் புரளும் சத்தம் அடங்கிய பிறகு வாசிப்பைத் தொடங்குங்கள்.