குரல் எழுவது மூளையில், பேசுவது யார்?

அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் யாரோ பேசுவது காதில் தெளிவாக விழுகிறது. ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு உள்ள பலருக்கு இது அன்றாட அனுபவம்.

நாம் எல்லோருமே மனதுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். பேசுவதற்கான கட்டளை மூளையில் பிறக்கும்போதே, அதன் நகல் ஒன்று ஒலியைக் கையாளும் பகுதிக்குப் போகிறது. இப்போது வருவது நம் சொந்தப் பேச்சு என்று தெரிந்ததும் அந்தப் பகுதி அடங்கிவிடும். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டினால் கூசாததற்கும் இதே மாதிரி ஏற்பாடுதான் காரணம். மனச்சிதைவில் இந்த முன்னறிவிப்பு சரியாகப் போய்ச் சேராததால் சொந்த எண்ணமே அடுத்தவர் குரலாகக் கேட்கிறது என்பது ஒரு முக்கியமான விளக்கம். 1993இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், குரல் கேட்கும் நேரத்தில் பேச்சை உருவாக்கும் ப்ரோகா பகுதி கூடுதலாக இயங்கியது தெரிந்தது.

சரி, 'இது என்னுடையது இல்லை' என்பதுவரை மூளை சொல்லிவிட்டது. அப்படியானால் யாருடையது?

ஸ்டான்ஃபோர்டு மானிடவியலாளர் தான்யா லுர்மன், சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கென உள்ள ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மருத்துவர் ஆர். பத்மாவதி உள்ளிட்டோர் இதை விசாரித்து 2014இல் வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை என மூன்று ஊர்களில், ஊருக்கு 20 பேரிடம் பேசினார்கள். அமெரிக்கர்களில் பலருக்கு, முன்பின் தெரியாத குரல் வெட்டு, குத்து என்றது. அதை மூளைக்கோளாறின் அறிகுறி என்றே விவரித்தார்கள். அக்ராவில் பலரிடம் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொந்தக்காரர்களின் குரல்! வீட்டு வேலையைப் பார் என்று ஏவும், திட்டும், சில சமயம் நல்லதும் சொல்லும்.

தன் மனம் தனக்கு மட்டுமே சொந்தம் என்று வளர்ந்தவருக்கு உள்ளே கேட்கும் அந்நியக் குரல் அத்துமீறல். உறவுகளுக்கு நடுவில்தான் 'நான்' என்று வளர்ந்தவருக்கு அது இன்னொரு உறவாகிவிட முடிகிறது. ஆய்வாளர்களின் விளக்கம் இந்தத் திசையில்தான் போகிறது. 60 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சென்னையிலும் கொடூரமான குரல்களால் துன்பப்பட்டவர்கள் உண்டு. உறவுக்காரர் குரல்தானே என்று மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து.

தத்துவவாதியும் மனநல மருத்துவருமான கார்ல் யாஸ்பர்ஸ், நோயைக் கண்டறிய அனுபவத்தின் வடிவமே முக்கியம் என்றார். குரல் கேட்கிறதா என்பது வடிவம்; என்ன சொல்கிறது என்பது உள்ளடக்கம். நோயைக் கண்டறிய வடிவம் போதலாம். அந்தக் குரலோடு வாழ்பவருக்கு உள்ளடக்கம்தானே எல்லாம்?

லண்டனில் மனநல மருத்துவர் ஜூலியன் லெஃப் உருவாக்கிய அவதார் சிகிச்சை உள்ளடக்கத்தின் மீதே கைவைக்கிறது. நோயாளி தன்னை மிரட்டும் குரலுக்குக் கணினியில் ஒரு முகம் கொடுக்கிறார். சிகிச்சையாளர் அந்த முகத்தின் வழியாகப் பேச, நோயாளி எதிர்த்துப் பேசப் பழகுகிறார். 150 பேரிடம் நடத்திய சோதனையில், 12 வாரங்களில் இது சாதாரண ஆலோசனையைவிட நன்றாகவே வேலை செய்தது. 24 வாரங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.