பழமை வேறு, பழுது வேறு

பானங்களுக்கு லோகோவும் லேபிளும் வடிவமைப்பது என் தொழில். பழைய அமெரிக்க மேற்குப் பாணி இருக்கிறதே, கௌபாய், சலூன், குதிரைலாடம் என்றதும் கண்முன் வருமே, அந்தப் பாணியைக் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். எனக்கும் அது மிகவும் பிடித்த பாணி. அதனால்தான் சமீபத்தில் என்னிடம் வந்த ஒரு லேபிளைப் பார்த்ததும் மனசு பொறுக்கவில்லை.

வேறொருவர் வடிவமைத்து, அச்சாகி, பாட்டிலில் ஒட்டிக் கடைக்கும் போய்விட்ட லேபிள் அது. எழுத்து முழுக்கக் கீறல். ஓரமெல்லாம் கிழிந்ததுபோல் வரைந்திருந்தது. நடுவில் காபி சிந்திய வட்டக் கறை. அச்சகத்தில் முதல் தாளை எடுத்தவுடனே பிளேட் அடிபட்டுவிட்டதோ என்று வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். "இல்லை, டிசைனே அதுதான்" என்று சொல்லி ஓட்டச் சொன்னார்களாம். கடைக்காரர்கள் பழைய ஸ்டாக் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறி மாறி இதே கதை என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

1880-களில் ஒரு பாட்டில் கடை அலமாரியில் நின்றபோது அது பழைய பொருள் கிடையாது. அன்றைக்கு அது புத்தம் புதுசு. தாள் வெள்ளையாக இருந்தது, மை அழுத்தமாக இருந்தது. பொன்னிறம் வேண்டிய இடத்தில் ஒட்டும் மையை அச்சடித்து, அது காய்வதற்குள் வெண்கலப் பொடியைத் தூவி மின்ன வைத்தார்கள். காசு இருந்தவர்கள் நகைக்கடைப் பெட்டி மாதிரி லேபிள் போட்டார்கள். இன்று ஏலத்திலும் அருங்காட்சியகத்திலும் நாம் பார்க்கிற மஞ்சள் பூத்த தாளையும், உதிர்ந்த எழுத்தையும், ஈரக் கறையையும் அந்தக் காலத்து ஓவியர் யாரும் வரையவில்லை. நூறு வருஷம் நிலவறையில் கிடந்ததால் வந்த சேதம் அது. சேதத்தைப் பாணி என்று நினைத்துக்கொண்டு, அதையே காசு கொடுத்து அச்சடிக்கிறோம்.

அந்த லேபிள்கள் அவ்வளவு பளிச்சென்று இருந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. அக்காலத்தில் விஸ்கி பெரும்பாலும் பீப்பாயில்தான் கைமாறியது. இடையில் யார் தண்ணீர் ஊற்றினார்கள், நிறத்துக்காக எதைக் கலந்தார்கள் என்று குடிப்பவருக்குத் தெரியாது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஜார்ஜ் கார்வின் பிரவுன் 1870-ல் 'ஓல்ட் ஃபாரஸ்டர்' விஸ்கியை முத்திரையிட்ட பாட்டிலில் மட்டும் விற்கத் தொடங்கியது இந்தச் சிக்கலுக்காகத்தான். 1897-ல் 'பாட்டில்ட் இன் பாண்ட்' சட்டம் வந்தது. ஒரே வடிசாலையில் வடித்ததை, அரசு மேற்பார்வையில் இருக்கும் கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு வைத்து, 50 சதவீத ஆல்கஹால் அளவில் அடைத்தால், அந்நாளில் மூடியின்மேல் அரசின் பச்சை முத்திரைச் சீட்டு ஒட்டப்பட்டது. லேபிளும் மூடியும் சேர்ந்து வாங்குபவரிடம் சொன்னது ஒன்றுதான்: இதில் யாரும் கை வைக்கவில்லை, நம்பிக் குடிக்கலாம். அப்படிச் சுத்தத்தைச் சொல்லப் பிறந்த லேபிளின்மேல் அழுக்கைப் பூசாதீர்கள். மனிதர்கள் வாயில் வைக்கிற பொருள் இது.

"கீறலை எடுத்துவிட்டால் பழமையே தெரியாதே" என்பார்கள். தெரியும். எழுத்தின் உடற்கட்டில் தெரியும்.

1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மர எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். சுவரொட்டிக்கு வேண்டிய பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாத எடை, விலையும் அதிகம், முகமும் சமமாக வராது. மரம் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. 1834-ல் வில்லியம் லெவன்வொர்த் அந்த இயந்திரத்தோடு, ஒரு வடிவத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ நகலெடுக்கும் பாண்டோகிராஃப் கருவியைச் சேர்த்ததும், ஒரே மாதிரியிலிருந்து வேண்டிய அளவில் எழுத்துகளைக் குடைய முடிந்தது. கோட்டு நுனியில் தடித்த பாதம் (செரிஃப்) வைத்த எழுத்து, இடுப்பு ஒடுங்கிய எழுத்து, நுனி இரண்டாகப் பிளந்து வளையும் டஸ்கன் எழுத்து எல்லாம் பெருகியது அப்படித்தான். 1845-ல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரெண்டன் எழுத்தை எடுத்து, மேலும் கீழும் பாதத்தை இன்னும் தடியாக்கி, நடுவை ஒடுக்கினால் கிடைப்பது பிரெஞ்சு கிளாரெண்டன். 'தேடப்படுகிறார்' சுவரொட்டி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அந்த எழுத்துதான்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லோர் கணினியிலும் கிடக்கும் 'பிளேபில்' ஃபான்ட்டைப் போட்டுவிட்டு அசல் மேற்குப் பாணி என்று என்னிடம் காட்டுகிறார்கள். அது 1938-ல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹார்லிங் வடிவமைத்தது. நல்ல எழுத்துதான், ஆனால் பழைய எழுத்தைத் திரும்பிப் பார்த்துச் செய்தது. அதைப் போட்ட லேபிள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது உங்கள் பெயர் மட்டும் தனியாகத் தெரிய வாய்ப்பே இல்லை.

அதைவிட முக்கியமான குழப்பம், சுவரொட்டியையும் லேபிளையும் ஒன்றாக நினைப்பது. சுவரொட்டியில் ஒவ்வொரு வரியும் வேறு வேறு எழுத்தில் இருப்பது அச்சுக்கோப்பவரின் அவசியம். நீளமான வரிக்கு ஒடுங்கிய எழுத்து, குறுகிய வரிக்கு அகன்ற எழுத்து என்று பெட்டியில் இருந்ததை வைத்து அகலத்தை நிரப்பினார். பாட்டில் லேபிள்களில் சிறந்தவை வேறு வழியில் வந்தவை. அவை கல்லச்சு. ஓவியர் கல்லின்மேல் கையால் வரைந்தார், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். அதனால்தான் லேபிளில் எழுத்து வளைந்து போகிறது, நிழல் விழுகிறது, ரிப்பன் மடிகிறது, கதிரும் கொடியும் எழுத்தைச் சுற்றிப் படர்கின்றன. சுவரொட்டியின் ஏழெட்டு எழுத்து வகைகளை இரண்டரை அங்குல லேபிளில் திணித்தால் எதையும் படிக்க முடியாது. பெயருக்கு ஒரு கனமான எழுத்து, சின்ன விவரங்களுக்கு அலங்காரம் இல்லாத ஓர் எழுத்து போதும். பெயரை முடிந்தவரை கையால் வரையச் சொல்லுங்கள். ஃபான்ட்டை இழுத்து அகலப்படுத்தும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நின்ற கோடு தடித்து, படுத்த கோடு அப்படியே நிற்கும், பார்த்தவுடன் பல்லை இளிக்கும்.

லோகோவுக்கு அந்தக் கௌபாய் உலகத்திலேயே ஒரு நல்ல ஆசான் உண்டு: மாட்டுக்குச் சூடுபோடும் இரும்பு. அந்தச் சின்னங்களை வடிவமைத்தவர்கள் நெருக்கமாக மூடிய வளைவையும் கூரான இடுக்கையும் தவிர்த்தார்கள். அங்கே சூடு தேங்கித் தோல் வெந்து அடையாளம் குழம்பிவிடும். சொரசொரப்பான தாளில் மையும் அப்படித்தான், நெருக்கமான இடைவெளியில் பரவி அடைத்துக்கொள்ளும். உங்கள் லோகோவைப் பாட்டில் மூடியின் அளவுக்குச் சுருக்கி, ஒரே நிறத்தில் அச்சடித்துப் பாருங்கள். தெளிவாகத் தெரியவில்லை என்றால் குறுக்குத் துப்பாக்கி, மண்டையோடு, நட்சத்திரம், கயிறு ஆகியவற்றில் இரண்டையாவது எடுத்துவிடுங்கள். எல்லாமே போனாலும் நஷ்டமில்லை.

பொய் ஆண்டு போடாதீர்கள். போன வருஷம் தொடங்கிய நிறுவனத்துக்கு '1887 முதல்' என்று போட்டுத் தரச் சொல்கிறவர்களுக்கு நான் ஆர்ட்வொர்க் தருவதில்லை. வாங்காத பதக்கத்தை வரைவதும் அதே பொய்தான். பழைய லேபிள்களில் இருக்கும் பதக்கங்கள் 1876 ஃபிலடெல்ஃபியா, 1893 சிகாகோ, 1904 செயின்ட் லூயிஸ் போன்ற கண்காட்சிகளைக் காட்டிப் பெருமை பேசியவை. உங்களுக்கு அந்தப் பெருமை இல்லையா, அந்த வட்டத்தில் உங்கள் பானத்தின் மூலப்பொருளை வரையுங்கள். இஞ்சிக் கிழங்கும் சோளக் கதிரும் பதக்கத்தைவிட அழகாக இருக்கும். அமெரிக்காவில் 'டெம்பிள்டன் ரை' தன்னை அயோவாவின் சரக்கு என்று முன்னிறுத்தியது. வடித்தது இந்தியானாவில் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டு லேபிளையும் மாற்ற வேண்டியதாயிற்று. கதை வேண்டுமென்றால் உண்மையான கதையை எழுதுங்கள். வரி முத்திரைச் சீட்டு போலத் தோன்றும் காகிதத்தை மூடியில் ஒட்டுவதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். அரசு முத்திரையைப் போன்ற எதுவும் அலங்காரப் பொருள் ஆகாது.

இறகுக் கிரீடம் அணிந்த பூர்வகுடித் தலைவரின் முகத்தை லோகோவில் கேட்பவர்களிடம் நான் கெஞ்சித்தான் சொல்கிறேன், வேண்டாம். அந்தக் கிரீடம் அவர்களிடையே சம்பாதித்து அணியும் மரியாதை. 1992-ல் 'கிரேஸி ஹார்ஸ்' என்ற பெயரில் ஒரு மால்ட் மது அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. அது லகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் ஒருவருடைய பெயர், அவர் மதுவை எதிர்த்தவராக நினைவுகூரப்படுகிறவர். அவருடைய வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். பொறுப்பிலிருந்த நிறுவனங்களில் ஒன்றின் தலைவர் 2001-ல் லகோட்டா மக்கள் வாழும் ரோஸ்பட் பகுதிக்கே போய் மன்னிப்புக் கேட்டு, கம்பளிகளையும் புகையிலையையும் வாசனைப் புல்லையும் குதிரைகளையும் கொடுத்தார். ஒரு சமூகம் பட்ட காயத்தை அட்டைப்பெட்டியில் அழகுக்காக அச்சடிப்பது தகாது. அந்த நிலத்தில் பாலைவனம் இருக்கிறது, கள்ளி இருக்கிறது, ரயில் இருக்கிறது, காற்றாடி நீர் இறைப்பான் இருக்கிறது. வரைய வேண்டியது அங்கே ஏராளம்.

இணையத்தில் ஆயத்தமாக விற்கும் டெம்ப்ளேட் லோகோ வாங்காதீர்கள். பெரும்பாலான விற்பனைத் தளங்கள் அதை வர்த்தக முத்திரையாகப் பதிவுசெய்ய உரிமமே தருவதில்லை, அதே படத்தை இன்னும் எத்தனையோ பேருக்கும் விற்றிருக்கும். ஃபான்ட்டுக்கும் உரிமம் உண்டு, வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், 'ஜாக் டேனியல்ஸ் மாதிரியே கறுப்பு லேபிள், வெள்ளைக் கொடி வேலைப்பாடு, சதுரப் பாட்டில்' என்று கேட்காதீர்கள். அந்தப் பாட்டிலைக் கேலி செய்து வந்த, நாய்கள் விளையாடும் ஒரு பொம்மையை எதிர்த்தே அவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பிறர் முத்திரையைத் தன் சரக்கின் அடையாளமாகவே பயன்படுத்தும்போது, பகடி என்று சொல்லி வர்த்தக முத்திரைச் சட்டத்தின் சோதனையிலிருந்து தனிச்சலுகை கேட்க முடியாது என்று 2023-ல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

இனி அச்சு விஷயம். லேபிளைத் திரையில் தட்டையாகப் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். வழக்கமான 355 மில்லி கேனின் விட்டம் சுமார் 66 மில்லிமீட்டர், சுற்றளவு 207-ஐ ஒட்டி வரும். முன்னால் நிற்பவருக்குப் பாதிதான் தெரியும், அதிலும் இரு ஓரங்களும் சுருங்கித் தெரியும். பெயர் அந்த நடுப்பகுதிக்குள் முடிய வேண்டும். நீளமான பெயரை வளைத்து ஒரு ரிப்பனில் போட்டுவிட்டு, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பின்னால் ஓடிவிட்ட கேன்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

கேனில் நேரடியாக அச்சடிக்கும்போது எல்லா நிறங்களும் பிளாங்கெட் என்ற ஒரே ரப்பர் பரப்பில் சேர்ந்து ஒரே தடவையில் உலோகத்தில் ஏறும். நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று படியக் கூடாது. காபிக் கறையும் புகைமூட்டமும் அங்கே வெறும் சேறாக வரும். இதற்கு மாறாக, தெளிவான கோடும் தட்டையான நிறமும் கொண்ட பழைய பாணி கேனுக்கு அற்புதமாகப் பொருந்தும். பழுப்பு நிறக் கிராஃப்ட் தாள் வேண்டுமென்றால் எந்த நிறமும் ஒரு படி மங்கும் என்று தெரிந்து கேளுங்கள், வெளிர் நிறத்துக்கு அடியில் வெள்ளை மை வேண்டும். பொன், வெள்ளி போல மின்னும் ஃபாயில் அச்சில் கால் மில்லிமீட்டருக்கும் மெலிந்த கோட்டை நம்பாதீர்கள், சொரசொரப்பான தாளில் இன்னும் தடியாக வேண்டும். உண்மையான பழமை உணர்வு வேண்டுமென்றால் பூச்சில்லாத தாளையும், சற்றுப் பழுப்பு சாய்ந்த கறுப்பையும், கைக்குத் தட்டுப்படும் புடைப்பு வேலையையும் (எம்பாஸிங்) கேளுங்கள். கீறலுக்குச் செலவழித்த நேரத்தை அதற்குக் கொடுக்கலாம்.

பார்கோடைச் சிவப்பிலோ செம்பழுப்பிலோ போடக் கூடாது. பெரும்பாலான ஸ்கேனர்களின் ஒளி சிவப்பு, அந்தக் கோடுகள் அதற்குத் தெரியாமல் போகும். கறுப்பு அல்லது அடர்நீலம், பின்னால் வெள்ளைக் கட்டம். வளைந்த கேனிலும் பாட்டிலிலும் கோடுகள் ஏணிப்படி போலப் படுத்திருக்க வேண்டும். சட்டப்படி வேண்டிய விவரங்களைக் கடைசியில் மீந்த மூலையில் சொருகாமல், முதல் வரைவிலேயே இடம் ஒதுக்குங்கள். எழுத்தளவு விதி நாட்டுக்கு நாடு மாறும், விற்கப்போகும் நாட்டின் விதியைப் பாருங்கள்.

குளிர்ந்த பாட்டில் வியர்க்கும், பனிக்கட்டியில் புதைந்தும் கிடக்கும். சாதாரணத் தாளும் சாதாரணப் பசையும் அதைத் தாங்காது. ஈரம் தாங்கும் தாள் தனியாகவே விற்கிறது, அச்சகத்தில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மொத்த அச்சுக்கு ஒப்புதல் தருவதற்கு முன், அதே தாளில், அதே மையில், அதே பசையில் சில லேபிள்களை எடுத்து, பானம் நிரப்பிய பாட்டில்களில் ஒட்டி, பனிக்கட்டித் தண்ணீரில் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். ஓரம் எழும்பினாலோ மை கையில் ஒட்டினாலோ ஒப்புதல் தராதீர்கள்.