வைல்ட் கேம்பிங்: காட்டு முகாம் அல்ல

ஆளில்லாத கடற்கரையில் தனியாகக் கூடாரம் அடித்து, பக்கத்துத் துறையில் வாங்கிய மீனைச் சுட்டுத் தின்றுவிட்டு உறங்குவதும் வைல்ட் கேம்பிங்தான். இதைத் தமிழில் சிலர் 'காட்டு முகாம்' என்று எழுதுகிறார்கள். கடற்கரையில் ஏது காடு?

வைல்ட் என்பது இங்கே காட்டைக் குறிக்கவில்லை; கட்டணம், குழாய், கழிப்பறை எதுவும் இல்லாத இடத்தைக் குறிக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் இதை உரிமையாகவே தந்திருக்கிறது. ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் தங்காமல், வந்த சுவடு தெரியாமல் கிளம்பிவிட வேண்டும். அங்கே சாண்ட்வுட் விரிகுடாவுக்குச் சாலை கிடையாது. பிளேர்மோர் என்ற ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடை. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்திலோ, கூடாரத்தில் உறங்குவது அங்கே சட்டம் அனுமதிக்கும் 'திறந்தவெளிப் பொழுதுபோக்கு' ஆகுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகும் என்று 2025இல் தீர்ப்பு வந்தது.

கேம்ப்பின் வேர், லத்தீன் 'கம்புஸ்'. வெறும் வெளி என்று பொருள். கல்லூரி கேம்பஸும் அதுவே. நம் 'முகாம்' அரபியின் 'மகாம்', அதாவது நிற்குமிடம். இன்று முகாம் என்றால் கண் சிகிச்சையும் அகதிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. டேரா போடுவது விருந்துக்கு வந்து கிளம்பாத உறவினரின் வேலை. 'பாசறை' அழகான சொல்தான். ஆனால் முல்லைப்பாட்டில் அரசன் காயம்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்து உறங்காமல் கிடக்கும் இடம் அது. மீன் சுடுபவனுக்கு அவ்வளவு பெரிய பெயர் எதற்கு?

மனதுக்கு நெருக்கமானது 'வாடி'. முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் பருவத்துக்கு வந்து தங்கும் மீனவர்கள் மணலில் போடும் கொட்டில் அது. பிடித்த மீன் அங்கேயே குழம்பாகும். விறகுவாடியையும் மரவாடியையும் நினைத்தால் பொருள் விளங்கும்: ஒரு தொழிலுக்கென ஒதுக்கிய இடம். ஆனால் வாடி பிழைப்பின் சொல். அதை எடுத்துப் பொழுதுபோக்குக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் தேர்வு 'வெளித்தங்கல்'. கம்புஸின் வெளியும் இதில் இருக்கிறது. நாட்கணக்கில் கடலிலேயே இருந்து மீன்பிடிப்பதைத் 'தங்குகடல்' என்று சொல்லும் நம் கரை வழக்கும் இதற்குத் துணை. தனியாகப் போனால் 'தனி வெளித்தங்கல்'. 'தனிமை முகாம்' மட்டும் வேண்டாம். 2020 நினைவுக்கு வந்துவிடும்.