கரண்ட் போனால் மீன் தொட்டி ஏன் வழிகிறது?

மதுரையில் பராமரிப்புப் பணி என்று காலையில் நிறுத்தும் கரண்ட் பல நாள் மாலையில்தான் வருகிறது. சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி) வைத்த மீன் தொட்டி உள்ள வீட்டில் தரை நனைவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

மேல் தொட்டியில் நீர் தடுப்பின் விளிம்பைத் தாண்டினால் குழாய் வழியே கீழே உள்ள சம்புக்கு இறங்கும். வடிகட்டிய நீரை பம்ப் மறுபடி மேலே ஏற்றும். கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்வது போலத்தான் இந்த விளிம்பு; பம்ப் நின்றால் கொஞ்ச நேரத்தில் வழிவதும் நின்றுவிடும். சிக்கல் தண்ணீரை ஏற்றும் குழாயில் இருக்கிறது. அதன் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், பம்ப் நின்றதும் அதுவே சைஃபனாகிவிடும். வாய்க்குள் காற்று புகும் வரை தொட்டித் தண்ணீர் சம்புக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் என்பது 5.4 லிட்டர். குழாயின் வாய் 20 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 108 லிட்டர் கீழே வரும். 75 செ.மீ. நீளம், 35 அகலம், 40 உயரமுள்ள சம்ப் காலியாக இருந்தாலே 105 லிட்டர்தான் பிடிக்கும்! வாயை 2 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தினால் 11 லிட்டருக்குள் முடிந்துவிடும், சம்பில் மட்டம் 4 செ.மீ. ஏறும். விளிம்புக்கு மேலும் வடிகுழாயிலும் நின்ற தண்ணீர் தனி.

வாய் ஆழத்தில்தான் இருக்க வேண்டுமா? சரி, நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே அந்தக் குழாயில் ஒரு துளை போடுங்கள். மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். உப்புப் படியும் போர் தண்ணீர் என்றால் இரண்டு துளை நல்லது. பாசியும் நத்தையும்கூட அடைக்கும் என்பதால் அடிக்கடி குத்திவிட வேண்டும். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். அதே உப்பு படிந்தால் அது முழுதாக மூடாது.

கரண்ட் திரும்பும் நேரம் இன்னொரு ஆபத்து. கண்ணாடியில் துளையிடாமல் விளிம்பில் மாட்டும் வழிதல் பெட்டிகள் சைஃபனை நம்பி இயங்குபவை. இடையில் காற்று புகுந்திருந்தால் பம்ப் ஏற்றும், தண்ணீர் இறங்காது. துளையிட்ட தொட்டியே மேல். அதிலும் வடிகுழாய் அடைக்கலாம் என்பதால், சற்று உயரத்தில் இரண்டாவது குழாய் ஒன்று எப்போதும் காலியாக நிற்கட்டும். சம்பில் பம்ப் இருக்கும் அறையில் 15 லிட்டர் மட்டும் நின்றால், மேலே வழியவும் அவ்வளவுதான் இருக்கும். ஓடும்போது உள்ள நீர்மட்டத்துக்கு மேல் தொட்டியில் 3 செ.மீ. இடைவெளி இருந்தால் அதைத் தாங்கிவிடும்.

எல்லாம் பொருத்திய பிறகு பம்பை நிறுத்தி, நீர் முழுதும் இறங்கவிடுங்கள். சம்பின் மேல் 3 செ.மீ. மட்டும் காலியாக இருக்கும்படி தண்ணீர் ஊற்றி, பம்பைப் போடுங்கள். ஓடும்போது சம்பில் மட்டம் எங்கே நிலைக்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு. ஆவியான தண்ணீரை ஈடுகட்ட எப்போது ஊற்றினாலும் அந்தக் கோட்டோடு நிறுத்திவிட வேண்டும்.