கபால்: சூழ்ச்சிக்குழு

ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி தென்படும் 'கபால்' (cabal) என்னும் சொல், அதிகாரத்துக்கு அருகில் இருந்துகொண்டு மறைவாகக் கூடித் திட்டமிடும் சிறு குழுவைக் குறிக்கும். ஒலியில் நெருங்கினாலும், தலையோட்டைக் குறிக்கும் கபாலத்துக்கும் இதற்கும் உறவு இல்லை. வழிவழியாகப் பெறப்பட்ட மரபு என்று பொருள்படும் 'கப்பாலா' என்ற எபிரேயச் சொல்லே இதன் மூலம். யூதர்களின் மறைஞானத்தைக் குறித்த அந்தச் சொல், இடைக்கால இலத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குச் சென்று, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது. சிலருக்கு மட்டுமே தெரிந்த ஞானம் என்பது, சிலர் மட்டுமே அறிந்த இரகசியம் என்றாகி, பின்னர் சதி என்று தாழ்ந்தது.

இங்கிலாந்தின் இரண்டாம் சார்லசு மன்னரின் அமைச்சர்களான கிளிஃபர்ட், ஆர்லிங்டன், பக்கிங்காம், ஆஷ்லி, லாடர்டேல் ஆகியோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவான சொல் இது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பிழை, அவர்கள் பதவிக்கு வருமுன்பே சொல் வழக்கில் இருந்தது, முதலெழுத்துகள் தற்செயலாகப் பொருந்தின. அந்த ஐவரும் ஒரே மனத்தினராகவும் இல்லை. 1670ஆம் ஆண்டு பிரான்சுடன் செய்துகொண்ட டோவர் உடன்படிக்கையில், மன்னர் கத்தோலிக்கராக மாறுவது பற்றிய இரகசியப் பிரிவு கிளிஃபர்டுக்கும் ஆர்லிங்டனுக்கும் தெரிந்திருக்க, மற்ற மூவரிடமும் அது மறைக்கப்பட்டது.

தமிழில் 'சூழ்ச்சி' என்ற சொல்லும் ஏறத்தாழ இதே சரிவைக் கண்டது. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்ற குறளில் அது ஆராய்ந்து எண்ணுதல் என்னும் நல்ல பொருளிலேயே வருகிறது. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில் திருவிதாங்கூர் மன்னர்கள் அமைச்சர்களோடு கலந்து பேசிய மந்திரசாலையைப் பார்க்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தவருக்கு இது எளிதில் விளங்கும். அங்கே நடந்தது பழந்தமிழில் சூழ்ச்சி, இன்றைய தமிழில் ஆலோசனை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமார் என்னும் பிரபுக்களின் கூட்டையோ நாம் இன்றைய பொருளில் சூழ்ச்சி என்கிறோம். வென்றவர் தரப்பு எதிரிக்குச் சூட்டும் பெயர் இது. தம்மைத் தாமே கபால் என்று அழைத்துக்கொள்ளும் குழுவைக் காண்பது அரிது.

கபாலைத் தமிழில் 'சதி' என்று மட்டும் எழுதினால் போதாது. சதி செயலைக் குறிக்கும், அதை ஒருவர் தனியாகவும் செய்யலாம். கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் மலையாள நாளிதழ் படிப்போர் அறிந்த 'கூடாலோசன' என்பதும் செயலின் பெயரே. அதில் உள்ள 'கூட' என்பது மறைவு என்னும் வடசொல், நம் காதுக்குத் தோன்றுவதுபோல் கூடுதல் அன்று. 'சதிக்கும்பல்' என்றால் தெருவில் திரண்ட கூட்டம் நினைவுக்கு வருகிறது, ஆனால் கபால் என்பது மேலிடத்தில் உள்ள சிலர். நாட்டில் இருக்கக் கூடாதவற்றை 'பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும்' என்று வள்ளுவர் அடுக்குகையில், உள்ளிருந்தே அரிக்கும் பிளவுக்குக் 'குழு' என்ற சொல்லையே ஆள்கிறார். ஆகவே குழுவைச் சுட்டும் இடத்தில் 'சூழ்ச்சிக்குழு' என்றும், அது செய்யும் செயலைச் சுட்டும் இடத்தில் 'கூட்டுச்சதி' என்றும் எழுதுவதே பொருத்தம்.