லேப்டாப் ஃபேன் இரைகிறதா? முதலில் காற்றோட்டத்தைக் கவனியுங்கள்

"சார், இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடுத்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்." ஐந்தாறு வருடம் உழைத்த லேப்டாப்போடு சர்வீஸுக்கு வருபவர்களில் பலர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். சிலர் தாங்களே நிறுத்திவிட்டும் வருகிறார்கள். ஒரு கல்லூரி மாணவி, ஃபேன் வேகத்தைக் குறைக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, பாதி வேகத்துக்கு மேல் போகாதபடி செய்திருந்தார். இரைச்சல் அடங்கிவிட்டது. இரண்டே வாரத்தில், ப்ராஜெக்ட் எழுதிக்கொண்டிருக்கும்போதே மெஷின் பொட்டென்று அணைய ஆரம்பித்தது.

ஃபேன் தன்னிஷ்டத்துக்குச் சுற்றுவதில்லை. லேப்டாப்பின் மூளையான புராசசருக்குள் இருக்கும் சென்சார் சொல்லும் சூட்டுக்கு ஏற்பத்தான் அதன் வேகம் கூடும், குறையும். பெரும்பாலான புராசசர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால், கருகாமல் தப்பிக்க மெஷினே அணைந்துவிடும். "இப்பல்லாம் ரொம்ப ஸ்லோ சார்" என்று தனியாக வரும் புகாருக்கும் பல நேரம் இதே சூடுதான் காரணம்.

அதனால் நான் முதலில் செய்வது, காற்று வெளியேறும் துவாரத்தின் முன்னால் கையை வைத்துப் பார்ப்பதுதான். நீங்களும் வீட்டிலேயே செய்யலாம். காற்று பலமாகவும் நல்ல சூடாகவும் வந்தால் குளிர்விக்கும் அமைப்பு வேலை செய்கிறது, மெஷினுக்கு வேலைப்பளுதான் அதிகம். ஃபேன் அலறுகிறது, ஆனால் காற்று பேருக்குத்தான் வருகிறது என்றால் உள்ளே அடைப்பு. கரகரவென்றோ டிக்டிக்கென்றோ கேட்டால் ஃபேனிலேயே கோளாறு.

வேலைப்பளு என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு, அதாவது புராசசர், என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். எது அதிகமாக இழுக்கிறதோ அது மேலே வந்து நிற்கும். பெரும்பாலும் பிரவுசர்தான். மூடாமல் விட்ட டேப்களும், எப்போதோ போட்டு மறந்த எக்ஸ்டென்ஷன்களும் இருக்கும். பெரிய அப்டேட் முடிந்த கையோடு கொஞ்ச நேரம் இரைவது இயல்பு, விட்டுவிடுங்கள். பெயர் தெரியாத ஏதோ ஒன்று எப்போது பார்த்தாலும் சிபியுவைத் தின்றுகொண்டிருந்தால் வைரஸ் ஸ்கேன் அவசியம். இன்னொரு வழியும் உண்டு. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் புராசசர் ஸ்டேட் என்பதை 100-லிருந்து 99 சதவீதம் ஆக்கினால் பல மாடல்களில் புராசசர் தேவைப்படும்போது தானாக ஏற்றிக்கொள்ளும் டர்போ வேகம் நின்று சூடு நன்றாகக் குறையும். எழுத்து வேலைக்கும் வீடியோ பார்ப்பதற்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சில புதிய மாடல்களில் இந்த அமைப்பு கண்ணில் படாது.

அடைப்பைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தவறு நடப்பதெல்லாம் இங்கேதான். புராசசரிலிருந்து ஒரு தட்டையான செம்புக் குழாய் கிளம்பி, மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கிய ஹீட்சிங்க் வரை போகும். குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு திரவம் ஒரு முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து சூட்டைக் கடத்துகிறது. ஃபேன் அந்தத் தகடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ளுகிறது. காற்றோடு போகும் தூசியும் முடியும் நூலும் தகடுகளின் உட்பக்கத்தில், அதாவது ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில், சிக்கிக்கொள்ளும். வருடக்கணக்கில் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி படிந்துவிடும். அந்த மாணவியின் லேப்டாப்பில் அதை இடுக்கியால் ஒரே துண்டாக உரித்து எடுத்தேன்.

வெளியிலிருந்து ஊதினால் இந்தக் கம்பளி வராது. உள்ளேயே இடம் மாறி ஃபேனில் சுற்றிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ஊதும்போது ஃபேன் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும். அதனால் பின்மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, இறக்கைகளைக் குச்சியாலோ விரலாலோ பிடித்துக்கொண்டு சுத்தம் செய்வதுதான் சரி. வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் போர்டைப் பாதிக்கலாம். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ மூடி பிதுங்கியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், நேராகச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

ஹீட்சிங்கைக் கழற்றினால், சூட்டைக் கடத்துவதற்காகப் புராசசர் மேல் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழசை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதியதை மிளகளவு வைத்தால் போதும். ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருந்தால் அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், ஒரு பக்கமாக இறுக்கினால் புராசசர் சில்லு விரிசல் விடலாம். கை பழகாதவர்கள் தூசி எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, பேஸ்ட் மாற்றுவதை டெக்னீஷியனிடம் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். அப்புறம், மெத்தையிலும் தலையணையிலும் வைத்து வேலை செய்யும் பழக்கம். பெரும்பாலான மாடல்கள் அடிப்பக்கம்தான் காற்றை இழுக்கின்றன. மெத்தை அந்த வழியை மூடிவிடும், அதிலுள்ள பஞ்சும் உள்ளே போகும்.

கரகரச் சத்தம் என்றால் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கும், இல்லையென்றால் அது தேய்ந்திருக்கும். லேப்டாப்பைச் சாய்க்கும்போது சத்தம் மாறினால் கிட்டத்தட்ட உறுதி. சிலர் ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறார்கள். அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மெஷின் ஆயில் விட்டாலும் சில நாள் ஆறுதல்தான், ஃபேனை மாற்றுவதே தீர்வு. லேப்டாப் மாடலை மட்டும் சொல்லி வாங்காமல், பழைய ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடலிலேயே வேறு வேறு ஃபேன்கள் வருகின்றன, இரண்டு ஃபேன் உள்ளவற்றில் இடதும் வலதும் ஒன்றல்ல. ஆன் செய்யும்போதே ஃபேன் எரர் என்று திரையில் காட்டினால் ஃபேன் சரியாகச் சுற்றவில்லை என்று அர்த்தம். முக்கியமான கோப்புகளை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, புது ஃபேன் வரும்வரை மெஷினை அணைத்தே வையுங்கள்.